"வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருப்பாக": ஓய்வூதியர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் இயங்கும் ஓய்வூதியர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களில் ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவள். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மாதக் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் வேண்டும். அகவிலைப்படி, மருத்துவக் காப்பீடு, குடும்ப ஓய்வூதியம் எல்லாம் பேசியாக வேண்டியவைதான், அதில் கைவைக்கச் சொல்லவில்லை. வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டாலே போதும், அரை மணிக்கு மேலேயே மிஞ்சும். அந்த நேரத்தில் நம்முடைய கோபத்தைப் பற்றிப் பேச வேண்டும். அரசாங்கத்தின் மேல் வரும் கோபம் அல்ல, அதைப் பேசத்தான் மைக் இருக்கிறதே. வீட்டுக்குள் வரும் கோபம்.

அது எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காபி டம்ளர் வழக்கமான இடத்தில் இல்லை. பேப்பரை மகன் முதலில் எடுத்து நடுப்பக்கத்தை உருவிவிட்டான். ஆறரைக்கு வர வேண்டிய பால் ஏழு மணிக்கு வந்தது. உடனே ஒரு கத்தல். கத்தி முடித்ததும் வீடே வாயை மூடிக்கொள்ளும். "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருப்பாக" என்று மருமகள் தன் அம்மாவிடம் போனில் சொல்வாள். கத்தியவரும் அதையேதான் சொல்வார், கொஞ்சம் பெருமையாகவே: "எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், தெரியும்ல?" இதில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. மிக்சியை யார் எந்த ஷெல்பில் வைத்தது என்பதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்த ரிட்டயர்டு டீச்சர்களையும் எனக்குத் தெரியும்.

வயசானால் கோபம் கூடும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 18 முதல் 85 வயது வரையான 3,40,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 2008-ல் நடந்த தொலைபேசிக் கணக்கெடுப்பை வைத்து ஆர்தர் ஸ்டோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். "நேற்று உங்களுக்குக் கோபம் வந்ததா?" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்றவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில்தான் அதிகம். அதன் பிறகு வயது ஏற ஏறக் கோபம் இறங்கிக்கொண்டே போகிறது. ஊர் வேறு, மக்கள் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். சிடுசிடுவென்று இருக்கும் பெரியவர் ஒருவர் என்றால், பேரன் கண்ணாடியை உடைத்தாலும் "சரி விடு, வேற வாங்கிக்கலாம்" என்கிற பெரியவர்கள் நாலு பேர் இருப்பார்கள். அவர் ஒருவரின் சத்தம்தான் தெரு முழுக்கக் கேட்கிறது.

அப்படியானால் அந்த ஒருவருக்கு என்ன ஆயிற்று? அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்கிறேன்.

பணியில் இருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்த ஒரு சோதனை உண்டு. மேசையில் நான்கு அட்டைகள் இருக்கும். ஒன்றில் ஒரு சிவப்பு முக்கோணம், அடுத்ததில் இரண்டு பச்சை நட்சத்திரம், அதற்கடுத்ததில் மூன்று மஞ்சள் சிலுவை, கடைசியில் நான்கு நீல வட்டம். சோதனைக்கு வந்தவர் கையில் ஒரு கட்டு அட்டை கொடுப்பார்கள். ஒவ்வொன்றையும் அந்த நான்கில் எதன் கீழ் வைப்பது என்று அவரே முடிவு செய்ய வேண்டும். நிறத்தைப் பார்த்தா, வடிவத்தைப் பார்த்தா, எண்ணிக்கையைப் பார்த்தா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் உளவியலாளர் "சரி", "தப்பு" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். நிறம்தான் கணக்கு என்று பிடிபட்டு, தொடர்ந்து பத்து அட்டை சரியாக வைத்ததும், ஒரு வார்த்தை சொல்லாமல் கணக்கை மாற்றிவிடுவார்கள். இனிமேல் வடிவம். 1948-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான சோதனை இது, அந்தப் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. மூளையின் முன்பகுதியில் அறுவை சிகிச்சை நடந்தவர்கள் பழைய கணக்கை விடமுடியாமல் திரும்பத் திரும்ப அதையே வைப்பதை பிரெண்டா மில்னர் 1963-ல் காட்டினார்.

நான் பார்த்தது மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை. பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்தார். முதல் பத்து அட்டையை மளமளவென்று வைத்தார், முகத்தில் ஒரு சிரிப்புகூட. கணக்கு மாறியது. நிறத்தைப் பார்த்தே வைத்தார். "தப்பு." அடுத்ததும் நிறம். "தப்பு." அட்டையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் அழுத்தமாக அதே நிறத்தின் கீழ் வைத்தார். "தப்பு." கையில் இருந்த கட்டை மேசையில் ஓங்கி அடித்தார். "இம்புட்டு நேரம் சரின்னு சொன்னீக, இப்பத் தப்புங்குறீக. என்னைய வச்சு வெளாடுறீகளா?"

விடைத்தாளில் அவருடைய கோபத்துக்கு மதிப்பெண் போட இடமில்லை. உளவியலாளர் பிழைகளை மட்டும் குறித்துக்கொண்டார். எனக்கோ வீடுகளில் நடப்பது அத்தனையும் அந்த மேசையில் நடந்ததாகப் பட்டது. இருபது வருடம் சரியாக இருந்த ஒன்று, யாரும் சொல்லாமல் திடீரென்று தப்பாகிவிடுகிறது. மாற்றியவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. மாறாமல் இருப்பவருக்கோ தன்னை வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றுகிறது.

ஒரு வழி அடைபட்டால் சட்டென்று இன்னொரு வழிக்கு மனத்தைத் திருப்பும் இந்தத் திறன் வயதோடு சராசரியாகக் குறையத்தான் செய்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி மற்ற பகுதிகளைவிடக் கூடுதலாகச் சுருங்குவது அதற்கு ஒரு காரணம். பேச்சு வளமும் அனுபவ அறிவும் அப்படிக் குறைவதில்லை. அதனால்தான் நம் சங்கத்தில் அரசாணை எண்ணோடு மணிக்கணக்கில் பேசும் ஒருவர், கூட்டம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாறிய அன்று ஆடிப்போய்விடுகிறார். சராசரி என்றுதான் சொன்னேன், எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. எண்பதிலும் ரப்பர் மாதிரி வளைகிற மனசுக்காரர்கள் இருக்கிறார்கள், நாற்பதிலேயே பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர்களும் இருக்கிறார்கள். இந்தத் திறன் குறைந்தவர்களிடம் கோபம் கூடுதலாகத் தெரிவதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பதை வைத்து ஒன்றுதான் மற்றதைப் பெற்றது என்று சொல்லிவிட முடியாது. கோபம் வந்தபின் யாருக்குத்தான் நாலு பக்கமும் யோசிக்க வருகிறது? ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

எப்படி வளர்க்கின்றன என்பதற்குப் போனை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் மகனுக்குப் போன் அடிக்கிறீர்கள், எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறீர்கள், அப்போதும் எடுக்கவில்லை. மனதில் வருவது ஒரே காரணம்: "நம்மளை மதிக்கல." அந்த ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு ஆதாரம் சேர்ப்பது ரொம்பச் சுலபம். போன தீபாவளிக்கு அவன் சொன்னது, வீடு கட்டும்போது அவன் மாமனார் சொன்னது, எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவன் பைபாஸ் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம், மேனேஜர் முன்னால் நின்றுகொண்டிருக்கலாம், போன் சார்ஜில் கிடக்கலாம். இவை நமக்குத் தெரியாதவை அல்ல. அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். மாற்றி யோசிக்கும் திறனை அளப்பதற்கு 2010-ல் டென்னிஸ், வாண்டர் வால் என்ற இருவர் 20 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். அதில் பெரும்பகுதி இதைத்தான் கேட்கிறது: ஒரு சங்கடம் வந்தால் அதற்கு வேறு என்ன காரணம் இருக்கும், வேறு என்ன வழி இருக்கும் என்று பார்க்கிறீர்களா? மீதி, இதை என்னால் சமாளிக்க முடியும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்கிறது.

"சரிதாம்மா, மூளையே சுருங்கிப்போனா அவரு என்ன பண்ணுவாரு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதே மனிதரை வங்கியில் பாருங்கள். பாஸ்புக் பதியும் மெஷின் ரிப்பேர், டோக்கன் எண் வரவே இல்லை, கவுன்ட்டரில் இருக்கும் பெண் சாப்பிடப் போய்விட்டாள். நம் ஆள் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். "பாவம், ஆள் பத்தாது அவங்களுக்கு" என்று பக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் வேறு சொல்கிறார். வேறு காரணம் தேடும் புத்தி அங்கே நன்றாகவே வேலை செய்கிறது, நாக்கை அடக்கும் புத்தியும் வேலை செய்கிறது. வீட்டுக்கு வந்து, ரசத்தில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றதும் தட்டு பறக்கிறது. கோபம் எங்கே செல்லுபடியாகுமோ அங்கேதான் அவர் செலவழிக்கிறார். வங்கியில் இருக்கிற திறன் வாசற்படி தாண்டியதும் ஆவியாகிவிடாது. வங்கிக்காரப் பெண்ணுக்குக் கொடுத்த சலுகையை மனைவிக்கும் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. (கை நீட்டும் அளவுக்குப் போகிற வீடுகளும் இருக்கின்றன. அதற்கு மூளையையும் வயதையும் காரணம் காட்டி நான் எழுதமாட்டேன். அந்தப் பெண்கள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யட்டும்.)

"கத்தித் தீர்த்துட்டா ஆறிரும்" என்பதும் நம்மிடம் இருக்கும் உறுதியான நம்பிக்கை. அதுவும் சரியில்லை. 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-ல் வெளிவந்த ஒரு தொகுப்பு, கொட்டித் தீர்ப்பதால் கோபம் குறையவில்லை என்று சொல்கிறது. மூச்சை நிதானமாக்குவது, உடம்பைத் தளர்த்துவது, தியானம் என்று உடம்பின் சூட்டை இறக்குகிற வேலைகள்தான் குறைத்திருக்கின்றன. கோபத்தில் ஓடப் போனவர்களுக்குக் கோபம் கூடியே இருந்ததாம். ஆகவே சண்டை போட்ட கையோடு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாலு சுற்று வேகமாகச் சுற்றிவிட்டு வருகிறேன் என்பதில் பயனில்லை. தினமும் காலையில் சுற்றுவது வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பழசை அசைபோடுவதும் இதோடு சேர்ந்ததுதான். 2000-ல் டேவிஸ், நோலன் ஹூக்சிமா என்ற இரண்டு ஆய்வாளர்கள், நடந்ததையே நினைத்து உழன்றுகொண்டிருக்கும் வழக்கமுள்ளவர்களை நான் மேலே சொன்ன அட்டைச் சோதனைக்கு உட்கார வைத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள்தான் பழைய கணக்கிலேயே அதிகம் சிக்கினார்கள். அவர்கள் யாரும் முதியவர்கள் இல்லை, கல்லூரி மாணவர்கள். சிக்கிக்கொள்வது நரைத்த தலைக்கு மட்டும் வருவதில்லை. ஆனால் நமக்கு வேலை இல்லை, பகல் நீளம், அசைபோட நேரம் தாராளம். 1987-ல் கிடைக்க வேண்டிய பதவி உயர்வைப் பற்றி இன்றும் அதே சூட்டோடு பேசும் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார். அவருக்கு மைக் கொடுத்துக் கொடுத்து நாம் அவருக்கு நல்லது செய்யவில்லை.

இனி நான் செவிலியராகப் பேச வேண்டிய இடம். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், உங்கள் உறுப்பினர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கோபம் எல்லாம் மனசிலிருந்து வருவதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, தங்கமான குணம். கொஞ்ச நாளாகச் சில வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பதினொரு மணிவாக்கில் மருமகளை வாய்க்கு வந்தபடி வைகிறார் என்று புகார். போய்ப் பார்த்தால் முகத்தில் வேர்வை, விரல் நடுக்கம். வெள்ளிக்கிழமை விரதம் என்று காலையில் சாப்பிடவில்லை, சுகர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. சர்க்கரை கலந்த தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரத்தில், "நான் அப்படியா பேசுனேன்?" என்று அவரே கேட்டார். மருமகள் அதற்கு முன்பே தாய் வீட்டுக்குப் போவதாகப் பையை எடுத்து வைத்திருந்தாள்.

இந்த மாதிரிக் காரணங்கள் நிறைய. நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் சம்பந்தமில்லாமல் கத்துகிறார், பேச்சு குழறுகிறது, பகலில் தூங்கி ராத்திரி எழுந்து உட்காருகிறார் என்றால் அது குணம் இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உப்புச்சத்து குறைந்திருக்கலாம், பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், புதிதாக ஆரம்பித்த மாத்திரையாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனச்சோர்வு ஆண்களிடம் பல நேரம் அழுகையாக வருவதில்லை, எரிச்சலாக வருகிறது. துணையை இழந்த முதல் வருடத்தில் இதைக் கூர்ந்து பாருங்கள். காது மந்தமானவர், மற்றவர்கள் தன்னைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்கள் என்று நினைத்துச் சண்டை பிடிப்பார். அவருக்குத் தேவை காது மெஷின், உபதேசம் இல்லை. மூட்டு வலியில் ராத்திரி தூங்காதவரிடம் காலையில் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

மெதுவாக, வருடக்கணக்கில் வரும் மாற்றம் இன்னொன்று. "என் பணத்தை எடுத்துட்டீங்க" என்று வீட்டில் இருப்பவர்களையே சந்தேகப்படுவது, கூச்ச நாச்சம் குறைவது, ஒரே பலகாரத்தையே கேட்டு அடம்பிடிப்பது, யார் அழுதாலும் கண்டுகொள்ளாமல் இருப்பது. மூளையின் முன்பகுதியையும் பொட்டுப் பகுதியையும் தாக்கும் ஒருவகை மறதி நோயில் மறதி முதலில் வருவதே இல்லை. குணம்தான் முதலில் மாறுகிறது. அதுவும் அறுபதுக்கு முன்னாலேயே பலருக்குத் தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு ஏதோ ஒருவகை மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. உங்கள் சங்கத்தில் எத்தனை உறுப்பினர்கள் என்று உங்களுக்குத் தெரியும், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவும் இருக்கிறது, நரம்பியல் பிரிவும் இருக்கிறது. மனநலப் பிரிவு என்றதும் "பைத்தியமா எனக்கு?" என்று ஒரு கத்தல் வரும். அதற்காகத்தான் சங்கத்தைக் கேட்கிறேன். மகன் கூப்பிட்டால் வராதவர், தலைவர் கூப்பிட்டால் வருவார்.

இதயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபம் வெடித்த பிறகான இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் கூடுவதாக 1995-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் அதை ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றார்கள். ஒரு தடவை கத்தினால் உடனே விழுந்துவிடுவார் என்று பயப்பட வேண்டாம், ஒரு தடவைக்கான வாய்ப்பு குறைவுதான். தினமும் கத்துகிறவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும்தான் கணக்கு வேறு. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 59 முதல் 93 வயது வரையான 226 பேரை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். எண்பதைத் தாண்டியவர்களில் தினசரிக் கோபம் அதிகமாக இருந்தவர்களுக்கு ரத்தத்தில் அழற்சியை, அதாவது உடம்புக்குள் இருக்கும் வீக்கத்தைக் காட்டும் குறியீடு கூடுதலாக இருந்தது, நாள்பட்ட நோய்களும் கூடுதல். வருத்தத்துக்கு அந்தத் தொடர்பு இல்லை. வருத்தப்படுவதால் உடம்பு கெடும் என்று நம் வீடுகளில் அழக்கூட விடமாட்டார்கள், கோபத்தை மட்டும் தாராளமாக விட்டுவிடுவார்கள்!

இவ்வளவும் எழுதியதால், பெரியவர்கள் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கைரேகை தேய்ந்துபோன விரலை மெஷினில் வைத்து வைத்து எடுத்து, "பாட்டி, ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பும்போது வருகிற கோபம் நியாயமான கோபம். அது மூளைச் சுருக்கம் இல்லை. அந்தக் கோபத்தை மனுவாக மாற்றத் தெரிந்தவர்கள் நீங்கள். ஆயுள் சான்றிதழை முகத்தைக் காட்டியே பதியும் வசதி 2021 முதல் இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களில் எண்பது வயதைக் கடந்தவர்கள் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இது தெரியாமல் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து அலைந்தவர்கள் எத்தனை பேர்?

இங்கேதான் ஓர் உளவியல் கருத்து உங்களுக்கு உதவும். கலிபோர்னியாவில் இருக்கும் சூசன் சார்ல்ஸ் என்ற பேராசிரியர் 2010-ல் முன்வைத்தது. வயதானவர்கள் சண்டை சச்சரவை முன்கூட்டியே கண்டு ஒதுங்கிப்போவதில் கெட்டிக்காரர்கள், அதனால் அவர்களுடைய அன்றாட மனநிலை இளைஞர்களைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒதுங்க முடியாத நெருக்கடியில் மாட்டிக்கொண்டால், கொதித்த உடம்பு ஆறுவதற்கு அவர்களுக்குத்தான் நேரம் பிடிக்கிறது என்கிறார் அவர். நம் ஊரில் பெரியவர்களை ஒதுங்க விடாமல் மாட்டவைக்கும் வேலையைத்தான் அலுவலகங்கள் செய்துகொண்டிருக்கின்றன. கோரிப்பாளையத்தில் பாலம் கட்ட வழியை மாற்றிவிட்டபோது, எந்த பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் வெயிலில் நின்றது யார்? வங்கியில் புது ஆப், கருவூலத்தில் புதுப் படிவம், ஆஸ்பத்திரியில் புது டோக்கன் முறை, எதுவும் முன்கூட்டிச் சொல்லி வருவதில்லை. அட்டைச் சோதனையில் சொல்லாமல் மாற்றுவார்கள், அது சோதனை. நிர்வாகமும் அப்படியே செய்ய வேண்டிய அவசியம் என்ன? மாற்றத்தை ஒரு மாதத்துக்கு முன்பே பெரிய எழுத்தில், தமிழில், சுவரில் ஒட்டச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்துக்கும் வங்கிகளுக்கும் சங்கங்கள் சேர்ந்து எழுதுங்கள். மாறுவதைக் கற்றுக்கொள்ளும் பொறுப்பை முழுக்க எழுபது வயதுக்காரர் தலையில் மட்டும் வைப்பது நியாயம் இல்லை.

சரி, அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். சொற்பொழிவு மட்டும் வேண்டாம். சினம் கொள்ளாதே என்று கேட்டுக் கேட்டு நம் காது புளித்துவிட்டது.

ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். யார் வீட்டில் நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. "பேத்தி வந்தவள் என்னிடம் பேசாமல் நேரே ரூமுக்குள் போய்விட்டாள்." அதற்கு மூன்று காரணம் சொல்ல வேண்டும். "திமிர்" என்பதும் ஒரு காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும், தடையில்லை. இன்னும் இரண்டு வேண்டும். பிறகு மூன்றில் எது என்று கண்டுபிடிக்க என்ன செய்யலாம் என்று பேச வேண்டும். கதவைத் தட்டிக் கேட்பதா, சாப்பாட்டு நேரம் வரை காத்திருப்பதா, அவள் அம்மாவிடம் விசாரிப்பதா என்று முடிவு செய்து, வீட்டில் செய்து பார்த்து, அடுத்த கூட்டத்தில் வந்து சொல்ல வேண்டும். நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை இது. சிக்கலைத் தெளிவாகச் சொல்வது, வழிகளைப் பட்டியல் போடுவது, ஒன்றைத் தேர்ந்து செய்து பார்ப்பது, பலன் என்ன என்று பார்ப்பது என்று படிப்படியாகப் போகும் ஒரு சிகிச்சை முறையை அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 221 பேரிடம் 12 வாரம் நடத்திப் பார்த்தார்கள். எல்லோரும் மனச்சோர்வு உள்ளவர்கள். அதோடு, நான் சொன்ன அந்த மாற்றி யோசிக்கும், திட்டமிடும் திறன்களும் குன்றியவர்கள். வெறும் ஆறுதல் பேச்சு பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சோர்வு கூடுதலாகக் குறைந்தது. கோபத்துக்காக நடந்த ஆய்வு இல்லைதான் அது. ஆனால் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு அந்த முடிவைக் காட்டுவேன், அறுபதிலும் எழுபதிலும் வளைந்திருக்கிறது.

சுடோகு, மொபைலில் வரும் மூளைப் பயிற்சி விளையாட்டு இவற்றைச் சிலர் பரிந்துரைப்பார்கள். விளையாடுங்கள், பொழுது போகும். அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள், அது அன்றாட வாழ்க்கைக்குப் பரவுவதற்குச் சான்று குறைவு. தினசரி நடை அப்படி இல்லை. மூச்சு சற்று வாங்கும்படியான நடையும் உடற்பயிற்சியும் முதியவர்களின் திட்டமிடும், மாற்றி யோசிக்கும் திறனுக்குக் கைகொடுப்பதாக 2003-ல் 18 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். ரேஸ்கோர்ஸ், எக்கோ பார்க், வண்டியூர்த் தெப்பக்குளம் என்று நடப்பதற்கு நம் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நடந்துவிட்டு டீக்கடையில் மூன்று கிளாஸ் சர்க்கரை டீ குடிப்பதைப் பற்றி இன்னொரு மடல் எழுதுகிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை முகாம் நடத்துகிறீர்கள், நல்லது. கூடவே காதுப் பரிசோதனையையும் சேருங்கள். மனசு சம்பந்தமாகப் பேச அரசின் 14416 என்ற இலவச எண் இருக்கிறது, மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. இரண்டையும் சங்கத்தின் நாட்காட்டியில், தலைவர் படத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம், படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைக்கும். உறுப்பினர்களின் மனைவிமார்களையும் கணவன்மார்களையும் அந்த அரை மணி நேரத்துக்காவது உள்ளே கூப்பிடுங்கள். கோபத்தின் கணக்கு அவர்களிடம்தான் சரியாக இருக்கும்.

முதல் கூட்டத்துக்கு நான் வருகிறேன். சம்பவங்களை எழுதிய சீட்டுகளையும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் கருவிகளையும் கொண்டுவருகிறேன். சீட்டுகளைப் போட ஒரு பெட்டியும், உட்கார நாற்காலியும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். தேதியை இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இடமோ நேரமோ மாறுவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் போட்டதோடு விட்டுவிடாமல், எழுபது தாண்டிய உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் முதல் நாளே போனில் கூப்பிட்டு, ஏன் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை.